எண்பத்தெட்டுப் பொய்மீன்கள்

சுமலதாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. பழக்கம் இருந்திருந்தால் கொஞ்சம் குறைவாகச் சொல்லியிருப்பாள். புதிதாக இறங்குகிறவர்கள்தான் எதையும் அளவு தெரியாமல் செய்து தொலைப்பார்கள். ஒரு மீனா, இரண்டு மீனா? ஒரே மதியத்தில் எண்பத்தெட்டு மீன்!

விஷயம் இதுதான். கடலூர்ப் பக்கம் கரையோரத்தில் மீன்பாடு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறது. ஏன் என்று பார்க்க ஒரு ஆய்வுத் திட்டம் போட்டார்கள். கடலுக்கு வந்த நோய்க்கு, அதில் போய் விழுகிற ஆற்றிலும் நாடி பிடித்துப் பார்க்கவேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னார். தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து இறங்கி முதலில் நிற்பது ஓசூர் அணையில். அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர் முகத்துவாரம். நான்கு இடத்திலும் ஆள் போட்டார்கள். ஓசூர் அணைக்கு சுமலதா. உத்தனப்பள்ளிப் பெண், விலங்கியல் படித்தவள், சிப்காட் பக்கம் லைன் வீட்டில் புருஷன் முனிராஜோடும் ஆறு வயசு மகன் இளம்பரிதியோடும் குடியிருப்பவள். ஒப்பந்த வேலைதான், ஆனாலும் அவளுக்கு உயிர். படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை அது.

வேலை என்னவென்றால், பரிசலில் போய் வலை போடுவது, விழுந்த மீனை அளப்பது, நிறுப்பது, முதுகில் எண் அச்சடித்த மஞ்சள் டேக் ஒன்றைச் செருகித் திரும்பவும் தண்ணீரில் விடுவது. பின்னால் எங்கே எந்த எண் மாட்டுகிறது என்று பார்த்தால் மீன் எவ்வளவு இருக்கிறது, எப்படி வளர்கிறது, எங்கே போகிறது எல்லாம் தெரியும். துடுப்புப் போட கோவிந்தப்பன் என்கிற அணைக்கரைக்காரர் இருந்தார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், சுமலதாவோடு தமிழ், மீன்களோடு மட்டும் மூன்றும் கலந்து பேசுகிற மனுஷன்.

ஒவ்வொரு மீனுக்கும் பதிவேட்டில் ஒரு வரி. எண், இனம், நீளம், எடை, உடல் குறை ஏதாவது இருந்தால் அது, கடைசியாக நிலை. நிலையில் எழுதவேண்டியது ஒரே சொல்: உயிருடன். இந்தப் பதிவேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒயிட்னர் தடவக் கூடாது, கிழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் சிவப்புப் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கவேண்டும், ஓரத்தில் சின்னக் கையெழுத்து வைக்கவேண்டும். அடித்த வரியைப் பிறகும் படிக்க முடியவேண்டும். திட்டத்தின் தலைவி தில்ஷாத் மேடம் முதல் நாளே இதை மூன்று தடவை சொன்னார். "தப்பு பண்ணலாம் சுமலதா, மறைக்கக் கூடாது. அவ்வளவுதான் நம்ம வேலை."

தை மாசக் கடைசியில் முந்நூறு டேக்கும் முடியவேண்டும் என்று கெடு. இருநூற்றுப் பன்னிரண்டு முடிந்திருந்தது. கடைசி நாள் காலையில் இளம்பரிதிக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. கோவிந்தப்பன் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பேரிகை போய்விட்டார். முனிராஜ் ஷிப்டில் இருந்தான். கம்பெனிக்குள் செல்போன் லாக்கரில், கூப்பிட்டால் யார் எடுப்பது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டிரிப்ஸ் ஏறுகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், பையைத் திறந்தாள், பதிவேட்டை எடுத்தாள், எழுதினாள். இருநூற்றுப் பதிமூன்றிலிருந்து முந்நூறு வரைக்கும்.

எல்லா மீனும் நல்ல மீனாக இருந்தால் சந்தேகம் வருமே என்று நடுநடுவே குறைகளும் போட்டாள். அதற்குக் கற்பனையெல்லாம் ஓடவில்லை, எதிரே இருந்ததைப் பார்த்து எழுதினாள். எதிர் பெஞ்சில் ஒரு கிழவருக்கு இடது கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. இருநூற்றுப் பதிமூன்று, கட்லா, நாற்பத்தொரு செ.மீ., இடது கண் வெள்ளை. ஒரு கைக்குழந்தைக்கு மேலுதடு பிளந்திருந்தது. இருநூற்று அறுபத்தாறு, ரோகு, மேலுதடு பிளவு. சுடுதண்ணீர் கொட்டிய காலோடு ஒருத்தி வந்தாள். அவளும் ஒரு மிருகால் மீன் ஆனாள்.

மீனுக்கு மீன் போட்டோ எடுக்கவேண்டும் என்பது கடைசியில்தான் ஞாபகம் வந்தது. போட்டோவுக்கு எங்கே போவாள்? அதற்கும் ஒரு வழி செய்தாள். தண்ணீரில் தனியாகப் போகக் கூடாது, துணை ஆள் பெயர் வேண்டும். கோவிந்தப்பன் லீவு என்பது ஆபீசுக்கே தெரியும். ஆகவே பக்கத்தின் அடியில் எழுதினாள்: "துடுப்பு: முனிராஜ். முந்நூறாவது மீனை விட்டபின் பரிசல் கவிழ்ந்தது. கேமரா மூழ்கியது." மனப்பாடமாகத் தெரிந்த ஆண்பிள்ளைப் பெயர் அது ஒன்றுதானே, பாவம்.

கேமராவைக் கேழ்வரகு டின்னுக்குள் ஒளித்தாள். மிச்சம் எண்பத்தெட்டு டேக்கையும் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தாள். நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, மேடம் பாராட்டினார், கதை முடிந்தது என்று நினைத்தாள்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் தில்ஷாத் மேடம் கடலூரிலிருந்து கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சுமலதா, உங்க ஊரு மீன் ஒண்ணு கடலைப் பாக்க வந்திருக்கு! முகத்துவாரத்துல வலையில மாட்டிச்சு. மூணு அணை தாண்டி வந்திருக்கு, நம்பவே முடியல. அளந்துட்டு விட்டுட்டோம். போட்டோ அனுப்பறேன் பாரு."

"எந்த நம்பர் மேடம்?"

"இருநூத்திப் பதிமூணு."

வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கட்லா. பக்கத்தில் ஸ்கேல், சரியாக நாற்பத்தொன்று. ஐந்து மாசத்தில் ஒரு நூல்கூட வளரவில்லை. முதுகில் புத்தம் புது மஞ்சள் டேக். இடது கண் பால் ஊற்றியதுபோல வெள்ளையாக இருந்தது.

சுமலதா வெந்நீர் அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிற குழிக்கு ஓடினாள், குச்சியால் கிளறினாள். மஞ்சளும் கறுப்புமாக உருகி இறுகிய பிளாஸ்டிக் கட்டி ஒன்று கிடைத்தது. எரித்தது எரித்ததுதான். அப்படியானால் அந்த மீன் முதுகில் இருந்தது என்ன?

அடுத்த பதினைந்து நாளில் சாத்தனூரில் இருபத்தேழு கிடைத்தன. இருநூற்றுப் பதினான்கிலிருந்து இருநூற்று நாற்பது வரை, ஒன்று விடாமல், வரிசையாக. அதற்கப்புறம் கிருஷ்ணகிரி அணையில் இருநூற்று நாற்பத்தொன்றிலிருந்து அறுபத்தைந்து வரை. எங்கேயும் அளந்து, எழுதி, திரும்ப விட்டார்கள். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று முதலில் சொன்ன மேடமே குழம்பிப்போனார். "வெள்ளம் கீழதான போகும்? இதுங்க கடல்லருந்து மேல வர்ற மாதிரி இருக்கே. வரிசையா வேற வருது. சாத்தனூர்ப் பையன் பயப்படறான், போ."

எங்கே வருகின்றன என்பது சுமலதாவுக்குத் தெரிந்துவிட்டது. எழுதினவளைத் தேடி வருகின்றன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அணையின் மேல் பஞ்சுப்பொதி மாதிரி நுரை மிதந்துகொண்டிருந்தது. குளிரில் கோவிந்தப்பன் மப்ளர் சுற்றியிருந்தார். இரண்டாவது வலையை இழுத்ததும் அவர் கை நின்றது. வலை முழுக்க வெறும் தண்ணீர், நடுவில் ஒரே ஒரு ரோகு. துள்ளவில்லை. மேலுதடு நடுவே பிளந்திருந்தது.

"இன்னாம்மா சுமா இது? வாயப் பாரு, கொழந்த வாயாட்டம் இருக்குது."

அவள் நம்பரைப் பார்க்கவே இல்லை. "இருநூத்தி அறுபத்தாறு," என்றாள்.

கோவிந்தப்பன் குனிந்து டேக்கைப் பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "பாக்காமயே சொல்ற?" என்றார். அவர் மீனை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டார். விட்ட மீன் ஆழத்துக்குப் போகவேண்டும் அல்லவா? போகவில்லை. பரிசலுக்கு ஒரு முழம் தள்ளி, நுரைக்கு அடியிலேயே நின்றது. பரிசல் கரைக்குத் திரும்புகிற வரைக்கும் கூடவே வந்தது.

"தேவுடா! நாப்பது வருசமா இந்தத் தண்ணியில கெடக்கறன். மீனு மனுசனப் பாத்து ஓடும். இது நம்மளக் கொண்டாந்து வுட்டுட்டுப் போவுதும்மா," என்றார் கோவிந்தப்பன். அன்றைக்கு அதற்குமேல் வலை போடமாட்டேன் என்றுவிட்டார்.

அதற்கப்புறம் தினம் மூன்று, நான்கு. அத்தனையும் அவள் எழுதியபடியே. கால் வெந்தவளைப் பார்த்து எழுதிய மிருகால், அடிவயிற்றுத் தோல் கொப்பளித்து வந்தது. சுமலதா சோறு இறங்காமல் பாதியாகிவிட்டாள். முனிராஜ் அவன் பாணியில் கிண்டல் செய்தான். "மீனத் தொட்டுத் தொட்டு மீனாவே ஆயிட்ட போ. கண்ணக்கூட மூட மாட்டேங்கற ராத்திரியில." அவள் சிரிக்கவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது அந்தப் பக்கத்தின் கடைசி வரி. எழுதினதெல்லாம் நடக்கிறது. வரிசையாக நடக்கிறது. முந்நூறுக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது?

புதன்கிழமை இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று வந்தது. அன்று சாயங்காலம் முனிராஜ் வீட்டுக்குள் நுழையும்போதே விசில் அடித்துக்கொண்டு வந்தான்.

"சுமா, கம்பெனியில லைன் ஷட்டவுன். நாலு நாளு லீவு. கோவிந்தப்பன் அண்ணன பஸ் ஸ்டாண்டுல பாத்தன். நாளைக்கு உங்க மேடம் வருதாமே, வெள்ளிக்கெழம ரெண்டு பரிசல் வேணுமாம். துடுப்புப் போட நீ வர்றியாப்பான்னு கேட்டாரு. சரின்னுட்டன்."

சுமலதா கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. "ஏங்க, உங்களுக்கு நீச்சலே தெரியாது!"

"டியூப் கட்டிக்கறன். பொண்டாட்டி பாக்கற வேலைய ஒரு நாளாவது கண்ணால பாக்க வேணாமா?"

"நீங்க அணைப் பக்கமே வரக் கூடாது. வந்தா நான் செத்துடுவன்."

அவள் அழுத அழுகையைப் பார்த்து அவன் பயந்துபோனான். வரவில்லை என்று பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கடலிலிருந்து மூன்று அணை ஏறி வந்தவைகளுக்கு இந்தச் சத்தியம் எம்மாத்திரம்?

வியாழக்கிழமை மத்தியானம் தில்ஷாத் மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். அணைக்கரை ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திவிட்டு சுமலதா எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி பெஞ்சு, வெந்நீர் அடுப்பு, கேழ்வரகு டின், எல்லாம். உருகிய பிளாஸ்டிக் கட்டியையும் கேமராவையும் மேஜைமேல் வைத்தாள்.

மேடம் அந்தக் கட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ நான் கையில பிடிச்சு அளந்தது என்ன?" என்று கேட்டார்.

"தெரியல மேடம்."

"உன் வேலை போயிடும். தெரியுமில்ல?"

"போவட்டும் மேடம். அந்தக் கடைசி வரி மட்டும் இருக்கக் கூடாது."

மேடம் பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் தள்ளினார். சிவப்புப் பேனாவையும் ஸ்கேலையும் பக்கத்தில் வைத்தார். "முறைப்படி அடி. ஒவ்வொரு வரியா."

சுமலதா அடித்தாள். ஒரு வரி, ஒரு கோடு, ஓரத்தில் சு.மு. என்று சின்னக் கையெழுத்து. எண்பத்தெட்டுத் தடவை. கடைசியில் பக்கத்தின் அடிக்கு வந்தாள். துடுப்பு, முனிராஜ், பரிசல் கவிழ்ந்தது. அதன்மேல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, காகிதம் கிழியாத அளவுக்கு ஊன்றி இழுத்தாள். கையெழுத்தும் போட்டாள். மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினதுபோல இருந்தது. மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள், முனிராஜின் பக்கத்தில் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் கோவிந்தப்பன் போன். "சுமா, சீக்கிரம் வாம்மா. மேடமும் இங்கதான் நிக்குறாங்கோ." முனிராஜ் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். அவனை எழுப்பாமல் கிளம்பினாள்.

அணையில் காற்றே இல்லை. நுரை இரண்டாக விலகி நடுவே கரையை நோக்கி ஒரு பாதை விட்டிருந்தது. அந்தப் பாதை நிறைய மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. முகத்துவாரத்தில் விட்டது, சாத்தனூரில் விட்டது, கிருஷ்ணகிரியில் விட்டது, எல்லாம் இங்கே இருந்தன. இதுவரை அகப்படாத கடைசி ஏழும் இருந்தன. தில்ஷாத் மேடம் முழங்கால் தண்ணீரில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"எண்பத்தெட்டு," என்றார். முகம் வெளுத்திருந்தது. "இங்க வந்து பாரு."

அவர் கையிலிருந்தது வெள்ளைக்கண் கட்லா. செவுளில் தொடங்கி வால் வரைக்கும் செதிலின்மேல் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. கத்திக் காயம் இல்லை, ரத்தம் இல்லை. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக இருந்தது. வால் ஓரத்தில் கடுகு கடுகாகச் சின்னக் கிறுக்கல். அடுத்த மீனிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"நேத்து அடிச்சோமில்ல, அதான் செத்துடிச்சு," என்றார் மேடம் மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல.

சுமலதா அந்தக் கிறுக்கலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சு.மு. அடித்ததெல்லாம் செத்துவிட்டது. நேற்று அதே பேனாவால், அதே ஸ்கேலால், இவைகளுக்கு அடுத்து அவள் அடித்தது எதை?

"ஐயோ!" என்று ஒரு கத்து. கோவிந்தப்பன் என்ன என்று கேட்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டாள். வழியெல்லாம் முனிராஜுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி வழியை மறித்தன. தலையில் அடித்துக்கொண்டாள், ஹாரனை அமுக்கினாள், யார் யாரையோ திட்டினாள். பெயரைப்போய் அடித்தேனே பாவி, பெயரைப்போய் அடித்தேனே என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு அழுதாள்.

முனிராஜ் குழாயடியில் நின்றிருந்தான். மேலுக்குச் சட்டை இல்லை. கையில் தண்ணீர்ச் செம்பு, ஊற்றிக்கொள்ளாமல் அப்படியே பிடித்திருந்தான். அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

"சுமா, இது இன்னான்னு பாரு. எழுந்திரிச்சா இப்படி இருக்குது. வலிக்கல. ஆனா மூச்சு இழுத்தா பாதியிலயே நிக்குது."

இடது தோளில் தொடங்கி வலது தோள் வரைக்கும் மார்பின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அக்குளுக்குக் கீழே கடுகளவில் அவளுடைய கையெழுத்து. அவன் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

அவள் போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாம் தடவை மேடம் எடுத்தார்.

"மேடம், பதிவேடு எங்க இருக்குது?"

"ஜீப்புல. ஏன்?"

"எடுங்க மேடம். எடுத்து, நான் சொல்றத அடியில புதுசா ஒரு வரி எழுதுங்க. ஏன்னு கேக்காதீங்க, உங்க கால்ல விழறன்."

மேடம் கேட்கவில்லை. காலையில் தண்ணீரில் நின்று எண்ணினவருக்கு என்ன கேள்வி இருக்கும்? ஜீப் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சொல்லு."

"பேரு முனிராஜ். அன்னிக்கு அவரு ஷிப்டுல இருந்தாரு. பரிசல்ல ஏறவே இல்ல. பரிசல் கவுறவும் இல்ல. நான் பொய் எழுதனன்."

பேனா ஓடுகிற சத்தம்கூடப் போனில் கேட்டது. முனிராஜ் குழாயைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். செம்பு உருண்டது.

"எழுதிட்டேன்," என்றார் மேடம். பிறகு, பதிவேட்டில் எந்த வரிக்கும் கேட்கிற கடைசிக் கேள்வியைக் கேட்டார். "நிலை?"

"உயிருடன்."

"நேர்ல பாத்துட்டுதான சொல்ற சுமலதா?"

சுமலதா ஈரத்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையை அவன் மார்பில், கோட்டின்மேல் வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் அழுத்தினாள். எங்கேயோ அடியில், வலையை மீன் இடிக்கிறதுபோல, மெதுவாக ஒன்று இடித்தது. மறுபடியும் இடித்தது.

"தொட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றன் மேடம். உயிருடன்."

அந்தப் பக்கம் பேனா மறுபடி ஓடியது. முனிராஜ் முழுசாக ஒரு மூச்சு இழுத்தான், இருமினான், இன்னொன்று இழுத்தான். உதட்டில் நிறம் திரும்பியது. அவள் கையை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது கோடு மட்டும் அப்படியே இருந்தது. அடித்ததைப் பிறகும் படிக்க முடியவேண்டும், அதுதானே சட்டம்.